கிணறு பிள்ளையைப் பார்த்த நாள்

நான் வளர்ந்தது கம்பத்துக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாற்று வாய்க்காலை ஒட்டிய ஒரு வீட்டில். இரண்டு போகம் நெல் விளையும் ஊர். தண்ணீரை அளந்து செலவழித்த ஆளை என் சிறு வயதில் நான் கண்டதே இல்லை. அப்படிப்பட்டவளுக்குக் கிராம சேவிகா வேலை கிடைத்து, ஆண்டிபட்டிப் பக்கம் போட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பக்கத்தில்தானே என்று வீட்டில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். பக்கம்தான், காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். ஆனால் தேனியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நெல்லும் தென்னையும் பின்தங்கிவிடும். அதற்கப்புறம் சோளம், கேப்பை, நிலக்கடலை, அதுவும் மழை மனசு வைத்தால்.

கிராம சேவிகாவுக்கு என்ன வேலை என்று இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் சரியாகத் தெரியாது. மாதர் சங்கம் சேர்க்க வேண்டும். புகையில்லா அடுப்பு போட்டுக் காட்ட வேண்டும். முருங்கைக்கீரையின் பெருமையை, அதையே தினமும் ஆக்கித் தின்கிறவர்களிடம் போய் எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தமான தண்ணீர், சுத்தமான கை. இதற்காகப் பயிற்சியில் ஒரு துணிப் படச் சுருள் கொடுத்திருந்தார்கள். அதைச் சுவரில் தொங்கவிட்டு, குச்சியால் தொட்டுத் தொட்டு நான் பேசுவேன். சோப்புப் போட்டுக் கை கழுவும் பெண்ணின் படம் வரும்போது, அவள் கையில் கிடக்கும் வளையல் தங்கமா கவரிங்கா என்பதில்தான் கூட்டத்தின் கவனம் இருக்கும். தண்ணீரைக் காய்ச்சும் படம் வந்தால், விறகுக்கு யார் மலைக்குப் போவது என்று ஒருத்தி கேட்பாள். சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன், உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

நான் சொல்ல வந்த ஊருக்கு ஆண்டிபட்டியிலிருந்து வருஷநாட்டு மலையைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் ஏறி, ரோட்டில் இறங்கி, ஓடை மணலில் வெகுதூரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடை ஓடினால் அந்த வாரம் போக முடியாது. ஊரே ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. அதனால் கிணறு எந்தத் தெருவில் வர வேண்டும், யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்ற சண்டை அங்கே இல்லை. மற்ற ஊர்களில் அந்தச் சண்டையிலேயே என் பாதி உத்தியோகம் போனது. இந்த ஒரு ஊர் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர்கள் குடித்தது ஊருணித் தண்ணீர். மழைநீர் வடிந்து வந்து தேங்கும் பள்ளம் அது. அசிங்கமாக வைத்திருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். செருப்போடு யாரும் கரையேற மாட்டார்கள். துணி துவைக்க விடமாட்டார்கள். கரையில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி அம்மன் என்று கும்பிட்டார்கள். ஆனால் ஆடு மாடுகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. மேட்டுப்பக்கம் மனிதர்கள் ஒதுங்கிய இடத்தையெல்லாம் கழுவிக்கொண்டு முதல் மழை அதில்தான் வந்து விழும். கோடையில் நீர் வற்றி, பச்சையாகக் குழம்பிக் கிடக்கும். அதை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். கோடை முடிகிற சமயத்தில் குழந்தைகளுக்கு வயிற்றாலே போகும். ஒவ்வொரு வருஷமும் சில வீடுகளில் தொட்டில் அவிழ்க்கப்படும்.

அப்படி இரண்டு தடவை தொட்டில் அவிழ்த்த வீடு ஒன்று ஊரின் கடைசியில் இருந்தது. அந்த வீட்டுக்காரி சின்ன வயசுக்காரி. கூட்டத்துக்கு வந்தால் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். வளையலைப் பற்றியும் பேச மாட்டாள், விறகைப் பற்றியும் பேச மாட்டாள். முதல் பிள்ளை பெண், அடுத்தது ஆண். இரண்டுமே தவழ்வதற்கு முன்னால் வயிற்றோட்டத்தில் போய்விட்டன என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அந்த ஊருக்குப் போக ஆரம்பித்த வருஷம் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அவளுக்கு வேறு எண்ணமே இல்லை என்பது அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடக்கும் நடையிலேயே தெரியும்.

அதே வருஷம் பஞ்சாயத்து யூனியனிலிருந்து ஓடைக்கரையில் கிணறு வெட்டினார்கள். நல்ல ஊற்று. சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் பலகை போட்டு முழுக்க மூடி, அதன் மேல் ஒரு அடிபம்பு வைத்தார்கள். ரிப்பேர் வந்தால் ஆள் இறங்குவதற்கு ஓரத்தில் ஒரு இரும்பு மூடி, அதற்கொரு பூட்டு. தூசி விழாது, ஆடு எட்டிப் பார்க்காது. பம்பை அடித்து முதல் தண்ணீர் கொட்டியபோது நானே கையேந்திக் குடித்தேன். எங்கள் வாய்க்கால் தண்ணீரைவிட ருசியாக இருந்தது. இனி இந்த ஊரில் என் பேச்சுக்கு வேலை இல்லை என்று சந்தோஷமாக நடந்து திரும்பினேன்.

அடுத்த தடவை போனபோது பம்படியில் நல்ல கூட்டம். பெண்கள் மாறி மாறி அடித்துக் குடம் குடமாக எடுத்தார்கள். எனக்கு மனசு நிறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் குடங்கள் எங்கே போகின்றன என்று பார்த்தேன். மாட்டுத் தொட்டிக்குப் போயின. துணி துவைக்கப் போயின. சாணி கரைக்கப் போயின. குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் அதே பெண்கள் வேறு குடத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, பம்பைத் தாண்டி, ஊருணிக்குப் போனார்கள். மாடுகள் சுத்தமான தண்ணீரைக் குடித்தன, பிள்ளைகள் பச்சைத் தண்ணீரைக் குடித்தன.

ஏன் என்று கேட்டேன். ஒருத்தி சிமெண்ட் வாடை அடிக்கிறது என்றாள். ஒருத்தி பருப்பு வேகவில்லை என்றாள். இன்னொருத்தி இரும்புக்குள் வந்த தண்ணீர் உடம்புக்குச் சூடு என்றாள். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். அவர்கள் வீட்டிலேயே பம்புத் தண்ணீரில் பருப்பை வேகவைத்துக் காட்டினேன். நன்றாக வெந்ததே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாளும் ஊருணிக்கே போனார்கள். இப்படியே மாதங்கள் ஓடின. மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நம் பேச்சைக் கேட்காமல் இருப்பவர்களைப்போல் ஆளை அலுக்கவைப்பவர்கள் கிடையாது. எதிர்த்துப் பேசினால்கூட ஒரு பிடி கிடைக்கும்.

கடைசியில் அந்தப் பிடியைக் கொடுத்தது நிலைப்படிக்காரிதான். நிறைமாதமாக இருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் அடிக்க வந்தவளை நான் பம்பில் கைவைக்க விடாமல் நானே அடித்துக் கொடுத்தேன். இவ்வளவு சிரமத்தில் ஊருணி வரைக்கும் எதற்கு நடக்கிறாய், இதையே குடிக்கக் கூடாதா என்று சலிப்போடு கேட்டேன். அவள் கிணற்றின் மேல் கிடந்த கான்கிரீட் பலகையைப் பார்த்தாள்.

"அது இன்னும் எங்கள யாரையும் பாக்கலியே டீச்சரம்மா."

எந்த ஊரிலும் நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை. இருந்தாலும் சேவிகா என்ற வார்த்தை அவர்கள் வாயில் நுழையாததால் நான் டீச்சரம்மா ஆகியிருந்தேன். எது பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவளைக் கல்லில் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தை வாங்கினேன்.

அந்த ஊரில் தண்ணி கும்பிடுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெற்றவள் முப்பதாம் நாள் தலைக்குக் குளித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மற்றப் பெண்களோடு ஊருணிக்குப் போவாள். படியில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு வைத்து, பிள்ளையின் முகம் தண்ணீரில் விழும்படி குனிந்து காட்டுவாள். தண்ணீர் பிள்ளையைப் பார்த்துவிட்டது என்று பெண்கள் குலவையிடுவார்கள். பிறகு ஒரு குடம் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், யாரோடும் பேசாமல் வீட்டுக்கு வருவாள். அந்தத் தண்ணீரில் ஒரு கை அள்ளிப் பிள்ளையின் வாயில் விடுவாள். அதற்கப்புறம்தான் அவள் வீட்டுக்குக் குடிதண்ணீர் எடுக்கலாம். புதிதாகக் கல்யாணமாகி வருகிறவளுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. முகம் பார்த்துச் சொந்தம் ஆகாத தண்ணீரை மாட்டுக்குக் காட்டலாம், துணிக்கு ஊற்றலாம், வயிற்றுக்குள் விடக் கூடாது. நாங்கள் கட்டிக் கொடுத்த கிணற்றில் முகம் பார்க்க வழியே இல்லை. தூசி விழக் கூடாது என்று மூடினோம். மூடியதால் யாரும் குடிக்கவில்லை.

இதைச் சொல்ல இத்தனை மாதமா என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டால், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இரும்பு மூடியைத் திறந்தால் கிணற்றுக்கு முகம் வந்துவிடும். பூட்டின் சாவி யூனியன் ஓவர்சியரிடம் இருந்தது. போய்க் கேட்டேன். ஆள் இறங்கி வால்வு பார்ப்பதற்கு வைத்த வாயில் பிள்ளையை எட்டிப் பார்க்க வைக்கச் சொல்கிறீர்களே அம்மா என்று அவர் சிரித்தார். நல்ல மனிதர். உள்ளே எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆள் நிலைப்படிக்காரியின் நாத்தனார். அவள் புருஷனுக்கு அக்கா, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இந்த மாதிரிச் சடங்குகளை முன்னின்று நடத்துவது அவள்தான். பயந்துகொண்டேதான் அவளிடம் பேசப் போனேன். புதுக் கிணற்றில் தண்ணி கும்பிடலாம், மூடியைத் திறந்து தருகிறேன், ஆனால் மஞ்சள், வெற்றிலை, பூ எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது, எல்லாம் மேலே பலகையில்தான் என்றேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துப் பார்த்து, மஞ்சள் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, அது பிள்ளை மூஞ்சியைப் பார்த்தால் போதும் என்று உடனே சம்மதித்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் என்னை மெச்சிக்கொண்டேன்.

பிள்ளை பிறந்தது. பெண். முப்பதாம் நாள் நான் காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். இரண்டு ஆண்கள் கடப்பாரை போட்டு இரும்பு மூடியை நகர்த்திவிட்டு, பெண்கள் காரியம் என்று ஒதுங்கிப் போனார்கள். பலகை முழுக்கக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். பம்பின் கைப்பிடிக்குப் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். அவள் குனிந்து பிள்ளையைக் காட்டினாள். பக்கத்தில் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். இருட்டில் ஒரு வட்டம் வானம் தெரிந்தது, அதன் ஓரத்தில் எங்கள் தலைகள் தெரிந்தன. பிள்ளை தெரிந்ததா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டது என்று நாத்தனார் சொன்னாள். குலவை கிளம்பியது. சொன்ன சொல்படி ஒரு பூ இதழ்கூட உள்ளே விழவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரத்தில் ஊருணிப் பாதையில் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு வந்தார்கள். வழக்கம்போல வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன். நேராகக் கிணற்றுக்கு வந்தார்கள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் முதல் குடம் திறந்த வாய் வழியாக உள்ளே கவிழ்ந்தது. அடுத்து இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. கோடை முடிகிற காலம். அந்தத் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்று முன்னமே சொன்னேன். கூடவே பாசி விழுந்த சத்தமும் கேட்டது.

நான் கத்தினேன். அந்த ஊரில் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். அதற்குள் வரிசை முடிந்துவிட்டது. எல்லாரும் என்னைத் திகைத்துப் பார்த்தார்கள். நாத்தனார் என் தோளைத் தொட்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள்.

"புதுப் பானைய எடுத்தா, பழைய பானைத் தண்ணி ஒரு கை விடாம யாராவது பொழங்குவாகளா? ஊருணி ஆத்தா இங்கன வந்தாத்தான இது எங்க தண்ணி. இனிமே ரெண்டும் ஒண்ணு. நாளையில இருந்து ஊரே இங்கனதான் எடுக்கும்."

எந்தப் பேச்சுக்காக நான் மாதக்கணக்கில் ஓடை மணலை மிதித்தேனோ, அந்தப் பேச்சு என் காதில் விழுந்துவிட்டது. ஊரே இனி இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறது. ஊருணியில் இருந்த அத்தனை அழுக்கும் இப்போது அந்தக் கிணற்றுக்குள் இருந்தது. அவர்கள் செய்தது கெடுதல் இல்லை, மரியாதை. எங்கள் கிணற்றைத் தங்கள் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசிக்கும்போது தோன்றுவது. அப்போது ஆத்திரத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

நான் நாத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே, தாய்க்காரி கயிற்றைக் கட்டி அந்தத் திறந்த வாய் வழியாக ஒரு குடம் இறைத்துவிட்டாள். பிள்ளையை நாத்தனாரிடம் கொடுத்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். அதில் ஒரு கை பிள்ளையின் வாயில் போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது நாள் பிள்ளை. இரண்டைப் புதைத்த வீடு.

பின்னாலேயே ஓடினேன். அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்றேன். அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது, பேசவும் கூடாது என்பது வழக்கம். தெரு முழுக்க நான் அவள் முதுகோடு பேசிக்கொண்டே போனேன். இது ஊருணித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் இல்லை, இன்றைக்கு வேண்டாம், கிணற்றுக்கு மருந்து போட்டபின் கொடுக்கலாம் என்று கெஞ்சினேன். முதுகு போய்க்கொண்டே இருந்தது. முன்னால் போய் மறித்து, குடத்தைத் தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. நாளைக்குப் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் டீச்சரம்மா குடத்தைக் கவிழ்த்ததால் என்பார்கள். ஊர் மறுபடி ஊருணிக்கே போகும். அவளும் அதைத்தான் நம்புவாள். கையை மடக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

வீட்டுக்குள் போய்க் குடத்தை இறக்கினாள். பெண்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நாத்தனார் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்து, ஒரு கை அள்ளி வாயில் விடு என்று குடத்தைக் காட்டினாள். தாய்க்காரி அள்ளவில்லை. ஒரு சின்ன ஈயச் சட்டியை எடுத்து, குடத்துத் தண்ணீரை அதில் சாய்த்து, அடுப்பில் வைத்துத் தீ மூட்டினாள்.

வாசலில் சலசலப்பு எழுந்தது. அந்தத் தண்ணீர் அடுப்பேறக் கூடாது. நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுப்பில் வைத்தால் தண்ணீர் செத்துப் போகும், செத்த தண்ணீரையா பிள்ளைக்கு முதல் தண்ணீராகக் கொடுப்பாய் என்று கேட்டாள். தாய்க்காரி சுள்ளியை ஒடித்து உள்ளே தள்ளிக்கொண்டே பதில் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை.

"செத்த தண்ணியாவே இருக்கட்டும் மதினி. ரெண்டு பிள்ளைக்கு உசிரோட உள்ள தண்ணியத்தான குடுத்தேன்."

அந்த இரண்டு பிள்ளைகளையும் கடைசியாகக் குளிப்பாட்டியது நாத்தனார்தான் என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். அவள் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் பிளீச்சிங் பவுடரோடு வந்து கிணற்றில் கரைத்து ஊற்றினேன். ஊர் முழுக்க ஆஸ்பத்திரி வாடை அடித்தது. வேறு சமயமாக இருந்தால் என்னை ஓடைக்கு அந்தப் பக்கம் விரட்டியிருப்பார்கள். ஆனால் கிணறு இப்போது சொந்தமாகிவிட்டதே. சொந்தக்காரர் உடம்புக்கு முடியாமல் கிடந்தால் மருந்து வாடையைப் பொறுத்துக்கொள்வதுபோல் பொறுத்துக்கொண்டார்கள். சில நாள் பம்பை அடித்து அடித்துக் கொட்டிவிட்டு, ஊரே அங்கே தண்ணீர் எடுக்க ஆரம்பித்தது. ஊருணி மாடுகளுக்குப் போனது. மூடியை நான் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டேன், பிள்ளை பிறந்த வீட்டுக்கு மட்டும் முப்பதாம் நாள் போய்த் திறந்துவிடுவேன். குடங்கள் மறுபடி வரவில்லை. ஒருமுறை சேர்த்துவைத்ததை எத்தனை முறை சேர்த்துவைப்பது என்றாள் நாத்தனார். அந்தப் பிள்ளையும் தங்கியது. நான் மாற்றலாகிப் பெரியகுளம் பக்கம் போகும்போது, ஜட்டிகூட இல்லாமல் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். சில வருஷம் கழித்து ஒரு வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். என்னை யாரென்று தெரியாத ஒரு புது மருமகள், முதல் தண்ணீரை அடுப்பில் வைத்துக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும், எங்கள் ஊரில் ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். நான் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

என் வேலையில் இதை ஒரு வெற்றி என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. புதிதாக வேலைக்கு வந்த பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். கிணறு, குடங்கள், முதுகோடு பேசியது எல்லாவற்றையும் சொல்லுவேன், அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சட்டி கொதித்து முடிந்தபின் நடந்ததை அவர்களிடம் சொன்னதில்லை.

தண்ணீர் ஆற நேரமாகும் என்று வாசலில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். நாத்தனார் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வெளியே உலாத்தினாள். உள்ளே நாங்கள் இரண்டு பேரும், நடுவில் சட்டியும். எனக்கு நன்றாக வேர்த்திருந்தது. என் படச் சுருள் ஒருத்தியிடமாவது வேலை செய்திருக்கிறதே என்ற பெருமை மெல்லத் தலைதூக்கியது. காய்ச்ச வேண்டும் என்று நான் சொன்னதை நீ ஒருத்திதான் கேட்டிருக்கிறாய் என்று சொன்னேன். அவள் இல்லை என்பதுபோல் தலையை அசைத்தாள். நான் அந்த ஊரில் எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை, காப்பி என்றால் மட்டும் குடிப்பேன், அதைத்தான் முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு அவள் சட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"டீச்சரம்மா, அப்ப அந்த ரெண்டும் நான் குடுத்த தண்ணியாலதானா?"

அந்தப் படச் சுருளில் ஈ உண்டு, சாணம் உண்டு, மூடாத பானை உண்டு, அழுக்குக் கை உண்டு. இந்தக் கேள்விக்கு அதில் படம் இல்லை. ஊர் ஊராகப் போய் நான் பேசிய பேச்சு முழுக்க இந்தக் கேள்வியில் போய்த்தான் முடியும் என்று பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. தண்ணீரால் பிள்ளை சாகும் என்று ஒரு தாயிடம் சொன்னால், அந்தத் தண்ணீரைக் கொடுத்த கை யாருடையது என்று அவள் பார்க்காமல் இருப்பாளா? ஆமாம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. இல்லை என்று சொன்னால் இந்தச் சட்டியை அவள் இனி அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததே கிடையாது. தெரியவில்லை என்றேன். அது உண்மையும்கூட.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலைன்னே இருக்கட்டும்," என்றாள். "வேற யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்க."

சரி என்றேன். அவள் சட்டிக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். இன்னும் ஆறவில்லை என்று எடுத்துவிட்டாள். மறுபடி பார்த்தாள். ஆறியிருந்தது. வெளியே எட்டி நாத்தனாரைக் கூப்பிட்டு, பிள்ளையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள். ஒரு கை தண்ணீரை அள்ளினாள். அந்தக் கை பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் முழுவதும் சொட்டித் தீரும்வரை அப்படியே நின்றது. பிறகு அவள் என்னைப் பார்த்து, நீங்கள் விடுங்கள் என்று பிள்ளையை என் மடிக்கு மாற்றினாள்.